குழாயில் வந்தது காற்று

எங்கள் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் பதினெட்டு வருஷமாக வேலை பார்க்கும் டெக்னீஷியனுக்கு 'இன்னொருதரம் அக்கா' என்று பெயர். யார் வைத்த பெயரோ தெரியாது, ஒட்டிக்கொண்டுவிட்டது. படம் பளிச்சென்று வந்திருக்கும், ஆனாலும் திரையை ஒரு நிமிஷம் முறைத்துப் பார்த்துவிட்டு, "இன்னொரு தரம் எடுத்துடலாமா?" என்பாள். தேவையில்லாமல் உடம்பில் கதிர் படும் என்று டாக்டர்கள் கத்துவார்கள். சரியென்று விட்டுவிடுவாள். அன்று முழுக்க முகம் மட்டும் சரியாக இருக்காது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவருடைய வலது முழங்கால் படத்தில் 'இடது' என்ற குறியை வைத்துவிட்டாளாம். ஆபரேஷன் மேசையில் படுக்கவைத்துக் காலைத் துடைக்கும்போது, "டாக்டர், வலிக்கிறது இந்தக் கால் இல்லையே" என்று அந்த மனிதரே சொல்லித் தப்பித்தார். அன்று பிடித்த வியாதி இது. பெயரை இரண்டு தரம் கேட்பாள். கை வலி என்று வந்தால் எந்தக் கை என்று கேட்டு, தொட்டுப் பார்த்து, மறுபடி கேட்பாள். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். அவள் புருஷன் பஸ் ஓட்டுகிறவர், வாய் ஓயாத மனிதர். "கல்யாணத்தன்னைக்கே என் பேரை ரெண்டு தரம் கேட்டா சிஸ்டர். மாப்பிள்ளை மாறிட்டானோன்னு சந்தேகம்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிவார். அக்கா காதில் விழாத மாதிரி இருப்பாள்.

நான் குழந்தைகள் வார்டின் பெரிய சிஸ்டர். அக்காவைப் பற்றிச் சொல்வதென்றால் என்னையும் சொல்லித்தான் ஆகவேண்டும், ஏனென்றால் இதில் முட்டாளானவள் நான். எனக்கும் சந்தேகம் உண்டு. இருபத்திரண்டு வருஷம் பிள்ளைகளோடும் அவர்களைப் பெற்றவர்களோடும் மல்லுக்கட்டினால் யாருக்கும் வரும். மருந்து கொடுத்தேன் என்பார்கள், பாட்டில் மூடியே திறந்திருக்காது. கட்டிலிலிருந்து விழுந்தான் என்பார்கள், முதுகில் ஐந்து விரலும் பதிந்திருக்கும். என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று ஒரு திமிர் எனக்கு இருந்தது. இல்லையென்று சொல்ல மாட்டேன்.

அந்தக் குழந்தை எங்கள் வார்டுக்கு மூன்றாவது தடவையாக வந்தபோது அதற்கு ஐந்து மாதம். பெண் குழந்தை. நெஞ்சில் சளி, காய்ச்சல், மூச்சிரைப்பு. முதல் இரண்டு தடவையும் இதே கதைதான். பிறந்ததிலிருந்தே பால் குடிக்கும்போது புரையேறுகிறது, இருமுகிறது, சில நேரம் உதடு நீலமாகிவிடுகிறது என்று தாய் சொன்னாள். வீட்டில் மாமனார், "யாரோ பேத்திய நெனைக்கிறாங்க" என்று சிரிப்பாராம். எங்கள் பெரிய டாக்டர் சிரிக்கவில்லை. குடித்த பால் வயிற்றிலிருந்து மேலே எதுக்களிக்கிறது, வளர வளரச் சரியாகும் என்று மருந்து எழுதினார். இரண்டாம் தடவை, எதற்கும் பார்த்துவிடுவோம் என்று விழுங்கும் படம் எடுக்க அனுப்பினார். படத்தில் தெரியும் மருந்தைக் குழந்தைக்குப் புகட்டி, அது தொண்டையிலிருந்து வயிறு வரை இறங்குவதைத் திரையில் பார்ப்பார்கள். அறிக்கையில் கோளாறு ஒன்றும் இல்லை, கொஞ்சம் மருந்து புரையேறியது என்று வந்தது.

அப்புறம்தான் எனக்கு மூக்கில் வேர்த்தது. குழந்தை எங்களிடம் வந்தால் மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு மெல்லிய டியூபைப் போட்டு, பாலை அதில் விடுவோம். ஐந்து நாளில் தேறிவிடும். ஆறாம் நாள் தாய்ப்பால் கொடுக்கச் சொல்லுவோம். ஒன்பதாம் நாள் மறுபடி காய்ச்சல். நாங்கள் ஊட்டினால் தேறுகிறது, தாய் ஊட்டினால் விழுகிறது. பழைய சார்ட்டுகளை எடுத்து வைத்துத் தேதி தேதியாக ஒத்துப் பார்த்தேன். ஒரு தடவை கூடத் தப்பவில்லை.

தாயும் அதற்குத் தகுந்த மாதிரி இருந்தாள். அழமாட்டாள். மற்ற தாய்மார் எங்கள் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சும்போது இவள் சுவரில் சாய்ந்து எங்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பாள். கேட்டதற்கு மட்டும் பதில். புருஷன் கப்பலில் வேலை பார்க்கிறான், போனில் மட்டும் வருவான். துணைக்கு இருந்தது புருஷனுடைய அக்கா, குழந்தைக்கு அத்தை. அந்த நாத்தனார் நாக்கில் நரம்பில்லாமல் பேசுவாள்.

"சிஸ்டர், ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே" என்று ஒருநாள் என் மேசைக்கு வந்தாள். "அவளுக்கு இந்தப் புள்ளை மேல ஆசையே இல்லை. பால் குடுக்கும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிறா. வீட்ல எங்க கையில தரவே மாட்டா. உள்ள போய்க் கதவைச் சாத்திக்குவா. என்ன பண்றாளோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்."

நான் அதைக் காதில் போட்டுக்கொண்டேன் என்று சொன்னால் போதாது. தலைக்குள்ளேயே போட்டுக்கொண்டேன். அன்றிலிருந்து அந்தத் தாயைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தேன். கட்டிலை என் மேசைக்கு நேராக மாற்றினேன். டியூபில் பால் போகிறவரை அவள் குழந்தையின் வாயில் எதையும் வைக்கக்கூடாது என்று சொல்லி வைத்தேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் நான் மருந்துக் கிடங்குக்குப் போய் அரைமணியில் திரும்பினேன். குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. வயிறு தவில் மாதிரி உப்பியிருந்தது. மூச்சு வாங்கியது.

"என்ன குடுத்த?" என்று கேட்டேன். ஆமாம், ஒருமையில்தான் கேட்டேன்.

"ஒண்ணும் குடுக்கல சிஸ்டர். ஊசி போட்டாங்க, அழுதா. அழுதா வயிறு உப்பும். வீட்லயும் இப்படித்தான். உங்ககிட்ட போன தடவையே சொன்னேன்."

"அழுதா வயிறு உப்புமா? எங்க காதுல பூ சுத்தாத."

அவள் பையை வாங்கிக் கட்டிலில் கொட்டினேன். இரண்டு துணி, ஒரு சீப்பு, வயிற்றுவலிக்குக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் ஓமத்தண்ணீர் பாட்டில் ஒன்று. பாட்டிலின் மூடி உடைக்கப்படாமல்தான் இருந்தது. நாத்தனார் வாங்கிக் கொடுத்தது என்றாள். நான் நம்பவில்லை. இந்தப் பாட்டிலைத் திறக்கவில்லை, சரி. வேறொன்று இருந்திருக்கும், குப்பையில் போட்டிருப்பாள். குப்பைக் கூடையையும் கிளறினேன். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததே என் சந்தேகத்தைக் கூட்டியது. சந்தேகத்தின் லட்சணம் அதுதான் என்று இப்போது தெரிகிறது, அப்போது தெரியவில்லை.

திங்கட்கிழமை பெரிய டாக்டரிடம் பேசி, அவர் கையெழுத்தோடு பிள்ளைகள் நல அலுவலகத்துக்குக் கடிதம் போனது. தாயே குழந்தைக்குத் தீங்கு செய்கிறாளோ என்று சந்தேகம், விசாரிக்க வேண்டும் என்று நான்தான் வரி வரியாக எழுதிக் கொடுத்தேன். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு இரண்டு அதிகாரிகள் வருவதாகப் பதில் வந்தது. அவர்களுக்கும் அப்படித் தோன்றிவிட்டால் அன்றே தாயை வார்டை விட்டு வெளியே அனுப்பிவிட்டு, குழந்தையை அத்தை பொறுப்பில் கொடுத்துவிடுவார்கள். தாய்க்கும் விஷயத்தைச் சொன்னோம். அவள் முகத்தில் ஈயாடவில்லை. "என் புள்ளைய எடுத்துடுவாங்களா?" என்று மட்டும் கேட்டாள். நான் சார்ட்டை எடுத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

செவ்வாய்க்கிழமை காலை நெஞ்சுப் படம் எடுக்கத் தள்ளுவண்டி எக்ஸ்ரேயோடு இன்னொருதரம் அக்கா வார்டுக்கு வந்தாள். குழந்தையின் பெயரை இரண்டு தரம் கேட்டாள். படத்தை எடுத்தாள். சின்னத் திரையில் அது வந்ததும், வழக்கம்போல முறைத்துப் பார்த்தாள். நான் இன்னொரு தரத்துக்குத் தயாராக இருந்தேன். அவள் அதைக் கேட்கவில்லை.

"சிஸ்டர், இந்த வயித்துல இவ்ளோ காத்து எப்படி வந்துச்சு?"

"அவ திருட்டுத்தனமா எதையோ புகட்டறா. அதோட சேந்து காத்தும் போயிருக்கும். சனிக்கிழமையும் இப்படித்தான் வயிறு உப்பிச்சு."

"டியூப்ல இழுத்துப் பாத்தீங்களா?"

"வேளாவேளைக்கு இழுக்கிறோம். சார்ட்ல இருக்கு, பாருங்க."

பாலை விடும் முன்னால் டியூபின் வெளிமுனையில் சிரிஞ்சை மாட்டி, வயிற்றில் பழைய பால் மிச்சம் இருக்கிறதா என்று இழுத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். சார்ட்டில் அந்தக் கட்டம் முழுக்க ஒரே எண்தான். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். சனிக்கிழமை மத்தியானமும் பூஜ்யம்.

"அன்னைக்கு வயிறு உப்பிச்சுன்னீங்களே. ஒண்ணுமே வரலையா?"

"பால் வரல."

"வேற?"

"காத்துதான் வந்துச்சு. சிரிஞ்சு அஞ்சாறு தடவை நிறைஞ்சுது. அப்புறம் வயிறு இறங்கிடுச்சு."

"அதை எழுதலையே."

"காத்தை யாராவது எழுதுவாங்களா அக்கா? கட்டமே பாலுக்குத்தான் போட்டிருக்கு."

அவள் சார்ட்டைக் கீழே வைக்கவில்லை. "பால் குடுத்திருந்தா பால் வரணும். தண்ணி குடுத்திருந்தா தண்ணி வரணும். வந்தது வெறும் காத்து" என்றாள். அழுகிற குழந்தை காற்றை விழுங்கும், இதுகூடத் தெரியாதா என்று நான் எரிந்து விழுந்தேன். "விழுங்கும். இவ்ளோவா விழுங்கும்?" என்று கேட்டுவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

எனக்கு உடனே என்ன தோன்றியது தெரியுமா? இவள் ஏன் இந்தப் பெண்ணுக்கு வக்காலத்து வாங்குகிறாள், என்ன உறவு என்றுதான். மத்தியானம் வாசலில் அவள் தாயோடு பேசிக்கொண்டு நிற்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சந்தேகம் கொழுந்துவிட்டு எரிந்தது. வார்டு ஆயாவைக் கூப்பிட்டு, இரண்டு பேரும் ஒரே ஊரா, ஒரே தெருவா என்று விசாரிக்கச் சொன்னேன். ஆயா போய்விட்டு வந்து, "புள்ளை அழும்போது உப்புதா, தூங்கும்போது உப்புதான்னு கேட்டுட்டு இருக்காங்க. அவ்ளோதான்" என்றாள். ஆயா மீதும் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்தது.

புதன்கிழமை காலை அக்கா எக்ஸ்ரே அறைக்கு என்னைக் கூப்பிட்டனுப்பினாள். வேண்டாவெறுப்பாகப் போனேன். கணினியில் ஆறு வாரத்துக்கு முந்தைய விழுங்கும் படம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் எடுத்த படம்தான்.

"இதைப் பாருங்க. இது உணவுக்குழாய், வெள்ளையா மருந்து இறங்குது. முன்னாடி இருக்கிறது மூச்சுக்குழாய். அதுலயும் கொஞ்சம் வெள்ளை தெரியுதா?"

"புரையேறியிருக்கு. அதான் அறிக்கையிலேயே இருக்கே."

"புரையேறினா மேல, தொண்டைப் பக்கமா உள்ள நுழையணும். அப்போ தொண்டைக்குக் கீழ, குரல்வளையில மருந்து ஒட்டியிருக்கணும். இந்தப் படத்துல குரல்வளை சுத்தமா இருக்கு. கீழ மட்டும் வெள்ளை. மேல படாம கீழ எப்படி வந்துச்சு?"

நான் உற்றுப் பார்த்தேன். சுத்தமாகத்தான் இருந்தது.

"நடுவுல வழி இருக்கணும் சிஸ்டர். ரெண்டு குழாய்க்கும் நடுவுல. பிறவியிலேயே சில குழந்தைங்களுக்கு இருக்குமாம். உணவுக்குழாயே அடைச்சிருந்தா பிறந்த அன்னைக்கே கண்டுபிடிச்சிடுவாங்க. இது அடைப்பு இல்லாம வெறும் ஓட்டை மட்டும். பால் இறங்கும்போது கொஞ்சம் அந்தப் பக்கம் போய் இருமல், சளி. அழும்போது மூச்சுக்குழாய்லேருந்து காத்து இந்தப் பக்கம் வந்து வயித்தை உப்பவைக்கும். டியூப்ல குடுத்தா பால் அந்த ஓட்டையைத் தாண்டிப் போயிடுது, அதான் உங்ககிட்ட தேறுது."

"அப்ப இதை ஏன் அன்னைக்கே யாரும் பார்க்கல?"

அவள் ஓடிக்கொண்டிருந்த படத்தை நிறுத்தினாள். "மூணு வாய்தான் குடிச்சுது. நீலமாயிடுச்சு. டாக்டர் போதும்னார், சரிதான். ஆனா இன்னொரு நாள் வரச் சொல்லுங்கன்னு நான் கேட்டிருக்கணும். வாசல்ல இருபது பேர் நின்னாங்க. கேட்கல. எல்லாத்துக்கும் கேட்கிறவ, இதுக்குக் கேட்கல" என்றாள். அவள் குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. கை மட்டும் மேசையின் ஓரத்தைப் பிடித்திருந்தது.

அவள் சொன்னது பொருந்தித்தான் வந்தது. ஆனாலும் விட மனமில்லை. படத்தில் நடுவில் இரண்டு விநாடி பதிவாகவில்லை, அந்த நேரத்தில் மேலே வழியாகப் போயிருக்கலாமே என்றேன். "போயிருக்கலாம். எனக்கும் அந்தச் சந்தேகம் இருக்கு" என்று ஒத்துக்கொண்டாள். அதுதான் அக்கா. தான் சொல்வதையே தான் நம்பமாட்டாள். "ஒண்ணு பண்ணலாமா? நம்ம சர்ஜன் ஒருதரம் சொல்லிக் கேட்டிருக்கேன். தாயை வெளிய அனுப்பிடுங்க. நீங்களே புள்ளைய வெச்சுக்கங்க. வயித்துக் காத்தை மொத்தமா இழுத்துட்டு, டியூப் முனையைத் தண்ணியில வெச்சுப் பாருங்க."

செய்தேன். தாயை வாசலுக்கு வெளியே நிற்கவைத்துக் கதவைச் சாத்தினேன். சிரிஞ்சில் இனி ஒரு துளி காற்றும் வராது என்கிற வரைக்கும் இழுத்தேன். டியூபின் வெளிமுனையைக் கிண்ணத்துத் தண்ணீரில் விட்டேன். குழந்தை சும்மா இருந்தது, தண்ணீரும் சும்மா இருந்தது. துணி மாற்றுவதற்குக் காலைத் தூக்கியதும் அதற்குக் கோபம் வந்து அழ ஆரம்பித்தது. தண்ணீரில் குமிழி வந்தது. வீறிடும்போது கொத்தாக வந்தது, மூச்சிழுக்கும்போது நின்றது, மறுபடி வீறிடும்போது வந்தது. அழுகை ஓய்ந்ததும் குமிழியும் ஓய்ந்தது. என் மடியில் கிடக்கிறது குழந்தை, அறையில் வேறு யாரும் இல்லை, யாரும் எதையும் புகட்டவில்லை.

நான் எழுந்து போய்ப் பெரிய டாக்டரின் கதவைத் தட்டினேன்.

அவருக்கு வந்த கோபத்தைக் கேட்கவேண்டாம். "டெக்னீஷியன் எப்போலேருந்து டாக்டரானா? நீங்களும் கூடச் சேந்துட்டீங்களா? முந்தாநாள் தாயைக் குத்தவாளின்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க?" அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை, அதனால் நான் மென்று முழுங்கினேன். ஆனால் சர்ஜனைக் கூப்பிட்டார். சர்ஜன் சின்ன வயசுக்காரர், பேச்சு குறைவு. கிண்ணத்தைப் பார்த்தார், பழைய படத்தைப் பார்த்தார். "அன்னைக்கு மல்லாக்கப் படுக்க வெச்சு எடுத்திருக்கோம். இந்த மாதிரி வழி உணவுக்குழாயிலேருந்து மேல ஏறி மூச்சுக்குழாய்க்குப் போகும். மல்லாக்க இருந்தா மருந்து அதுல சரியா ஏறாது, வழி கண்ணுக்குப் படாது. குப்புறப் போட்டு, டியூப் வழியா அழுத்தி விட்டுப் பாக்கணும். நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு வெச்சுக்கலாம்" என்றார்.

வியாழக்கிழமை காலை ஒன்பதுக்கு எக்ஸ்ரே அறையில் நாங்கள் நாலு பேர். கனமான ஈய உடுப்பு மாட்டிக்கொண்டு குழந்தையின் தலையைப் பிடித்தது நான். குழந்தை மேசையில் குப்புறக் கிடந்தது, படம் பக்கவாட்டிலிருந்து எடுக்க மெஷினைத் திருப்பி வைத்திருந்தாள் அக்கா. சர்ஜன் டியூபை உணவுக்குழாயின் அடிவரை இறக்கி, ஒரு விரல் அகலம் இழுப்பதும் மருந்தை அழுத்துவதும், மறுபடி இழுப்பதும் அழுத்துவதுமாக மேலே கொண்டுவந்தார். பெரிய டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். மருந்து வெள்ளைக் கோடாக இறங்கியது. பக்கத்துக் குழாய் கறுப்பாகவே இருந்தது. டியூப் வெளியே வந்துவிட்டது.

"ஒண்ணும் இல்லையே" என்றார் பெரிய டாக்டர். மணி ஒன்பது இருபது. பதினோரு மணிக்கு ஆட்கள் வருகிறார்கள்.

உண்மையைச் சொல்கிறேன், என் மனதின் ஒரு மூலையில் நிம்மதி வந்தது. நான் சொன்னதுதான் சரி என்று ஆகிவிட்டால் நல்லது என்று இருந்தது. அந்தக் கொடுமையை இப்போது எழுதும்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

"டாக்டர், இன்னொரு தரம்" என்றாள் அக்கா. யாரும் சிரிக்கவில்லை. "மேல வரும்போது கொஞ்சம் வேகமா இழுத்துட்டோம். கழுத்துக்கிட்ட மெதுவா போகலாமா? அழுத்தமும் கொஞ்சம் கூட."

பெரிய டாக்டர் வாயைத் திறந்தார். சர்ஜன் அதற்குள் டியூபை மறுபடி இறக்க ஆரம்பித்துவிட்டார். அடியில் ஒன்றுமில்லை. நடுவில் ஒன்றுமில்லை. கழுத்து முடிந்து நெஞ்சு தொடங்கும் இடத்தில், சர்ஜன் கட்டைவிரலை நன்றாக அழுத்தினார். உணவுக்குழாயின் முன்பக்கத்திலிருந்து நூல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு சாய்வாக மேலே ஏறி, மூச்சுக்குழாயைத் தொட்டது. தொட்டதும் அந்தக் குழாய்க்குள் வெள்ளை பரவியது. குழந்தை இருமியது.

"நிறுத்துங்க" என்று சர்ஜன் டியூபை உருவினார். பெரிய டாக்டர் கட்டிய கையை அவிழ்த்தார். அக்கா பதிவான படத்தை மூன்று தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, ஓரமாக இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். வேலை நேரத்தில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அதிகாரிகள் சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். விசாரிக்க ஒன்றுமில்லை, தவறு எங்களுடையது என்று பெரிய டாக்டரே எழுதிக் கொடுத்தார். அதுவரை அவர் தவறு என்ற வார்த்தையைத் தன் பேரில் எழுதி நான் கண்டதில்லை. நாத்தனார், "நான் அப்பவே சொன்னேன், ஏதோ கோளாறுன்னு" என்று பிளேட்டைத் திருப்பிப் போட்டாள். தாய் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அக்கா படத்தின் பிரதியை எடுத்துக்கொண்டு தாயிடம் போனாள். நானும் கூடப் போனேன். வெள்ளை நூலை விரலால் காட்டி எல்லாவற்றையும் சொன்னாள். தாய் ரொம்ப நேரம் அதைப் பார்த்தாள்.

"முன்னாடி எடுத்தது யாரு?"

"நான்தான்மா."

"அன்னைக்கே தெரிஞ்சிருக்குமா?"

"இன்னொரு நாள் குப்புறப் போட்டு எடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும். நான் கேட்டிருக்கணும். விட்டுட்டேன். என் தப்புதான்."

தாய் தலையை ஆட்டினாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அப்புறம் என்னைப் பார்த்தாள். அக்கா சொன்ன மாதிரி நானும் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். என் வாய்க்கு என்ன கேடு வந்ததோ, "ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடணும், வாம்மா" என்றேன்.

அடுத்த வாரம் ஆபரேஷன். முதலில் மூச்சுக்குழாய்க்குள் மெல்லிய கேமராவை விட்டுப் பார்த்தார்கள். பின்சுவரில் கடுகளவு துளை. அதன் வழியாக ஒரு மெல்லிய கம்பியை நுழைத்து வைத்துக்கொண்டால் வெளியிலிருந்து தேடும்போது கண்டுபிடிப்பது சுலபம். வலது பக்கக் கழுத்தில் சின்னதாகக் கீறி, அந்த வழியை வெட்டிப் பிரித்து, இரண்டு முனைகளையும் தைத்து மூடி, மறுபடி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவில் கொஞ்சம் தசையை வைத்துத் தைத்தார்கள். குரலுக்குப் போகும் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது, அதனால் சில வாரம் அழுகை கம்மலாக ஒலிக்கும் என்று சர்ஜன் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அப்படித்தான் ஒலித்தது. ஆனால் அழுதபோது வயிறு உப்பவில்லை. டியூபிலிருந்து வந்த காற்றை நான் இப்போது சார்ட்டில் எழுதினேன். கட்டம் இல்லாததால் ஓரத்தில் எழுதினேன்.

எட்டாம் நாள் மறுபடி விழுங்கும் படம் எடுத்தார்கள். கசிவு இல்லை. அக்கா இரண்டு தரம் எடுத்தாள், இந்தத் தடவை யாரும் திட்டவில்லை. "இனி வாய் வழியா குடுக்கலாம். கொஞ்சம் கொஞ்சமா, கரண்டில ஆரம்பிங்க. பொறவு தாய்ப்பால்" என்று சொல்லி, சார்ட்டிலும் எழுதிவிட்டுப் போனார் சர்ஜன்.

தாய் பாலைக் கிண்ணத்தில் பீய்ச்சி எடுத்துக்கொண்டு வந்தாள். நான் குழந்தையைத் தூக்கி அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. கிண்ணத்தைக் கட்டில் பக்கத்து மேசையில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனாள்.

"நீங்க குடுங்க சிஸ்டர்."

"என்னம்மா, இதுக்காகத்தானே இத்தனை நாள்…"

"நீங்க குடுங்க. இருமினா அப்புறம் நான் என்னமோ பண்ணிட்டேன்னு ஆகிடும். நான் இங்க நிக்கறேன். என் கை தெரியற மாதிரி நிக்கறேன்."

இரண்டு கைகளையும் விரித்து, என் கண்ணுக்குப் படும்படி கட்டிலின் கால்மாட்டுக் கம்பியில் வைத்துக்கொண்டாள். குத்திக்காட்டுகிறாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தேன். இல்லை. பயம். வெறும் பயம். அக்கா வேலை முடிந்து கைப்பையோடு வாசலில் நின்றிருந்தாள், குழந்தை குடிப்பதைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவள்.

நான் உட்கார்ந்து குழந்தையை மடியில் நிமிர்த்திப் பிடித்தேன். அப்போதுதான் உறைத்தது: மூன்று தடவை எங்களிடம் கிடந்த இந்தக் குழந்தைக்கு நான் ஒரு வேளைகூட வாய் வழியாக ஊட்டிப் பார்த்ததில்லை. ஊட்டியிருந்தால் என் கையிலும் அது இருமியிருக்கும். அவ்வளவுதான் விஷயம். ஒரே ஒரு கரண்டி.

முதல் கரண்டியை வாயில் விட்டேன். குழந்தை நாக்கைச் சப்பியது, விழுங்கியது. காத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது. மூன்றாவது. ஒவ்வொரு விழுங்கலுக்கும் அது இப்போது இருமும், இப்போது நீலமாகும் என்று எனக்கு மூச்சு நின்று நின்று வந்தது. இந்த அம்மா ஐந்து மாதமாக ஒரு நாளைக்கு எட்டு வேளை இப்படி உட்கார்ந்திருக்கிறாள். பார்க்கச் சகிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறாள். கிண்ணம் காலியானது. குழந்தை ஒரு தடவைகூட இருமவில்லை, கரண்டியைப் பிடித்து இழுத்தது.

"எழுதிடுங்க சிஸ்டர்" என்றாள் தாய். "யாரு குடுத்தாங்கன்னும் எழுதுங்க."

எழுதினேன். எழுத்து கோணலாக வந்தது. நிமிர்ந்தபோது அவள் கைகள் இன்னும் அந்தக் கம்பியிலேயே இருந்தன.

"இப்ப நான் புள்ளையத் தொடலாமா?" என்று கேட்டாள்.

 "என்னை மன்னிச்சிடும்மா" என்று முணுமுணுத்தேன், அது அவளுக்குக் கேட்டதா என்று தெரியாது. அக்கா உள்ளே வந்து கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு, என் மடியிலிருந்து குழந்தையை எடுத்து, தாயின் கைகளைக் கம்பியிலிருந்து பிரித்து அதில் வைத்தாள்.